சத்தம் போடாத பாட்டு

எங்கள் இசை கேட்போர் குழுவில் இந்த மாதம் ஒரு விளையாட்டு. ஒவ்வொருவரும் ஒரு இசைத்தொகுப்பைச் சிபாரிசு செய்ய வேண்டும், ஏன் என்று இரண்டு வரியில் சொல்லவும் வேண்டும். எல்லோரும் படப்பாட்டாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது அமெரிக்காவின் பழைய பாணி கன்ட்றிப் பாட்டுக் கசற் ஒன்றைச் சொன்னேன். உடனே ஒரு தம்பி, "ராணி அக்கா, தொப்பி போட்டுக்கொண்டு குதிரை ஓடுற ஆக்களின்ரை பாட்டோ?" என்று கேட்டு, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டிருந்தார்.

தம்பி சிரிக்கட்டும். ஆனால் எனக்கு இரண்டு வரி போதாது. பாட்டுச் சிபாரிசு செய்வது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லா சப்பலில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓய்வு பெறும்வரை நான் செய்த தொழில் அது. இப்போது கைபேசியே அடுத்த பாட்டை எடுத்து நீட்டுகிறது. நேற்று நீ இதைக் கேட்டாய், ஆகவே இன்றைக்கு இதையும் கேள் என்கிறது. நாங்கள் அப்படி வேலை செய்யவில்லை. எப்படிச் செய்தோம் என்று சொன்னால்தான் ஏன் இந்தக் கசற் என்பது விளங்கும், ஆகவே எழுதுகிறேன். இடையிடையே கொஞ்சம் பெருமை அடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாரிசுக்கு வந்தேன். ஒரு குளிர்காலம் தையல் வேலை. அடுத்த குளிர்காலம் ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றுகிற வேலை. பிறகு லூர்துசாமி முசியேயின் கசற் கடை. அவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். ரயில் நிலையத்தில் பொதி ஏற்றும் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கடை திறந்தவர். வாடிக்கையாளர்கள், நான், அடுத்த கடைச் சலூன்காரர் எல்லோருக்கும் அவர் முசியேதான், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அவருடைய தமிழில் பாதி பிரெஞ்சு, என்னுடைய தமிழ் முழுக்க யாழ்ப்பாணம். முதல் சில மாதம் வாயால் பேசியதைவிடக் கையால் காட்டிக்கொண்டதுதான் அதிகம்.

எனக்குத் தரப்பட்டது எடுபிடி வேலை. தளர்ந்த நாடாவைப் பேனா விட்டுச் சுற்றுவது, கசற் போடுகிற கருவியின் தலையைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைப்பது, உடைந்த பெட்டிக்கு வேறு மூடி போடுவது. வாடிக்கையாளரிடம் இதைக் கேளுங்கள், அதைக் கேளுங்கள் என்று எடுத்துக் கொடுக்கிற வேலை முசியேயுடையது. எனக்கு அந்த வேலை மீதுதான் கண். கவுண்டருக்குப் பின்னால் குந்தியிருந்து நாடா சுற்றியபடியே காதை மட்டும் அவர் பக்கம் விட்டிருப்பேன்.

மற்றக் கடைகளில் "யாருடைய பாட்டு வேணும்? எந்தப் படம்?" என்று கேட்பார்கள். முசியே அதைக் கேட்கவே மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் கேட்பது வேறு.

"எங்க வச்சுக் கேப்பீங்க? கூட யாரு இருப்பாங்க? அவங்க அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருப்பாங்க?"

பாட்டு வாங்க வந்த மனிதர் திகைத்துப் போவார். இது என்ன, விசா விசாரணை மாதிரி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் பதில் சொல்லச் சொல்ல, தங்களுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்கே பிடிபட்டுவிடும். முசியே அலுமாரிக்குப் போய் ஒரே ஒரு கசற்றோடு திரும்புவார். பத்தை அள்ளிப் பரப்பிக் காட்டுகிற பழக்கம் அவரிடம் கிடையாது.

புதுக் கசற் வந்தால் அதற்கும் ஒரு பரீட்சை உண்டு. எங்கள் கடை, மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடுகிற இடத்துக்குப் பக்கம். முசியே கருவியைக் கவுண்டரில் வைத்து, சத்தத்தை ஒன்றாம் இலக்கத்துக்குக் குறைத்துவிட்டு, தான் போய் வாசற்படியில் நிற்பார். பக்கத்துச் சலூனில் தலை காயவைக்கிற மெஷின் இரையும். பஸ் ஊதும். மேலே மெத்ரோ தடதடவென்று போகும்.

"மெத்ரோ போயிட்ட பிறகு பாட்டு எங்க விட்டுச்சோ அங்கயே இருக்கணும்மா. எங்கன்னு தேடினேன்னா அந்தக் கசேத் நமக்கு வேணாம்."

ஏன் ஒன்றில் வைக்கிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த நாளில் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் தனியாக இருக்கவில்லை. ஒரு அறை, அதில் எட்டுப் பேர், சில இடத்தில் பத்துப் பேர். ஒருவர் வேலைக்குப் போகும்போது இன்னொருவர் வந்து அதே மெத்தையில் சரிவார். அறைக்குள் எந்த நேரமும் யாராவது நித்திரை. அப்படிப்பட்ட அறையில் கசற் எப்போதும் ஒன்றில்தான் ஓடும். படப்பாட்டை ஒன்றில் வைத்துப் பாருங்கள். ஐம்பது வயலினும் சேர்ந்து ஒரு கீச்சுச் சத்தம் வரும், பாடுகிறவர் காணாமல் போய்விடுவார். அவரைத் தேடிச் சத்தத்தைக் கூட்டினால் சண்டை.

அவருடைய இன்னொரு சட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். "ஊர் ஞாபகம் வரும்னு சொல்லி ஒரு கசேத் கூட விக்கக் கூடாது" என்பார். "ஞாபகம் வந்தா அவன் அழுவான். வரலேன்னா திருப்பிக்கிட்டு வந்து நம்மளைத் திட்டுவான். ரெண்டும் நமக்கு எதுக்கு?" மற்றக் கடைக்காரர்கள் எல்லோரும் ஊரை வைத்தே பிழைத்துக்கொண்டிருந்த தெருவில், இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

இப்படித்தான் தொழில் படித்தேன். கசற்றைக் கையில் எடுத்தாலே இது சமையலறைக்கு, இது கார் ஓடுகிறவருக்கு, இது பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிற பெண்ணுக்கு என்று சொல்ல வந்துவிட்டது. ஆனாலும் முசியே என்னைக் கவுண்டருக்கு முன்னால் விடவில்லை. இரத்தினம் அண்ணை வரும்வரை.

இரத்தினம் அண்ணை ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். வயதில் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அறை அவர் பெயரில் இருந்தது. ஐந்தாம் மாடி, எட்டுப் பேர். ஒரு செவ்வாய்க்கிழமை பகல், முசியே வங்கிக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து கேட்டார்.

"தங்கச்சி, சத்தம் போடாத பாட்டு ஏதும் இருக்கோ?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முசியேயின் கேள்விதான் முதலில் வாயில் வந்தது.

"எங்கை வைச்சுக் கேக்கப் போறியள் அண்ணை? கூட ஆர் இருப்பினம்?"

"அறையிலைதான். அஞ்சு பேர் பகலிலை படுப்பாங்கள். மூண்டு பேர் முழிப்பு. கீழ இருக்கிற கார்தியன் மதாம் ரெண்டு தரம் ஏறி வந்திட்டா. இன்னொருக்காச் சத்தம் கேட்டா வீட்டுக்காரனுக்குச் சொல்லி அறையைக் காலி செய்விப்பன் எண்டு நிக்கிறா. எட்டுப் பேரும் எங்கை பிள்ளை போறது? இந்தக் குளிருக்கை ஆர் எங்களுக்கு அறை தருவான்?"

கார்தியன் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற பெண். அந்தக் காலத்து எங்கள் ஆட்களுக்குப் பொலிசைவிட அவரிடம்தான் பயம்.

"அப்ப பாட்டை நிப்பாட்டிப்போட்டு இருக்கலாமே அண்ணை?"

"நிப்பாட்டிப் பாத்தனான். பாட்டு இல்லாட்டி ஆளோடை ஆள் கதைக்கத் தொடங்குவாங்கள். கதை எந்த இயக்கம் பெரிசு எண்டதிலை போய் நிக்கும். பிறகு அடிபாடு. அடிபாட்டுச் சத்தம் பாட்டைவிடப் பெரிசு, தங்கச்சி."

காதுக்குள் மாட்டுகிற கருவி ஒன்றை ஒருவன் வாங்கினானாம். அவன் மட்டும் தலையாட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்து மற்றவர்களுக்கு இன்னும் கோபமாம். பாட்டு அறைக்குப் பொதுவாக இருக்க வேண்டும், படுத்திருப்பவனைத் தொடக் கூடாது. இதுதான் பிரச்சினை.

முசியே திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வீணை" என்றோம். பாடல் வரி இல்லை, மேளம் இல்லை, மெல்லிய சத்தம். ஒன்றில் வைத்து மெத்ரோப் பரீட்சையும் பார்த்தோம். சுத்தமாக நின்றது. பக்திப் பாட்டுக் கசற்றும் கையில் இருந்தது, ஆனால் சாமிப் பாட்டு ஓடினால் அறைக்குள் இறைச்சிக்கறி வைக்க முடியாது, போத்தலும் திறக்க முடியாது, அதுவே வேறொரு சண்டை. ஆகவே வீணையைக் கொடுத்து அனுப்பினோம்.

இரண்டு நாளில் அண்ணை திரும்பி வந்தார். கசற்றைக் கவுண்டரில் வைத்தார்.

"உங்கடை வீணை என்ரை அறையைக் கொண்டுபோகப் பாத்தது."

நடந்தது இதுதான். விடியக் காலையில் அலுவலகம் துடைக்கப் போகிற சின்னராசா பகலில் படுப்பவன். நித்திரைக்குள் தனி வீணை கேட்டிருக்கிறது. துள்ளி எழும்பி உட்கார்ந்து, "ஆர்? ஆர் செத்தது?" என்று கத்தியிருக்கிறான். மற்றவர்களும் எழும்பிவிட்டார்கள். இலங்கை வானொலியில் பெரிய தலை ஒன்று சரிந்தால், எல்லா நிகழ்ச்சியையும் நிறுத்திவிட்டுத் தனி வீணையோ தனி வயலினோ போடுவார்கள். அதைக் கேட்டு வளர்ந்த காதுகள் அவை. போதாததற்கு ஊரிலிருந்து ஒரு நல்ல செய்தியும் வராத காலம். ஒருவன் சட்டையை உள்வெளி மாற்றி மாட்டிக்கொண்டு தொலைபேசிக் கூண்டுக்கு ஓடியிருக்கிறான். ஐந்து மாடிப் படியும் அதிர்ந்திருக்கிறது. கார்தியன் மதாம் கூட்டுகிற தும்புத்தடியோடு வந்துவிட்டார்.

"கடைசி எண்டு சொல்லிப்போட்டா, தங்கச்சி. இனி இல்லையாம். இனிச் சத்தம் எண்டால் வீட்டுக்காரனோடைதான் கதையாம்."

முசியே கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துடைத்தார். புதுச்சேரியில் வளர்ந்தவருக்கு வீணைக்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அண்ணையிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வேறொன்று தருகிறேன் என்று சொன்னது நான்தான். முசியேயைக் கேட்காமலே சொன்னேன்.

அந்த வாரம் மொத்த வியாபாரியிடமிருந்து ஒரு கலப்புப் பெட்டி வந்திருந்தது. விலை போகாததையெல்லாம் சேர்த்துக் கட்டி அனுப்புவார்கள். அரபுப் பாட்டு, போர்த்துக்கீசப் பாட்டு, அடியில் ஒரு மண்ணிற அட்டை. அட்டையில் ஒரு வெறும் மரக்கதிரை, அதன் மேல் ஒரு வயலின். ஆங்கிலத்தில் இரண்டு வரி: நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில், ஒரே மைக்கைச் சுற்றி நின்று, எங்கள் பாட்டன்மார் பாடியது போலப் பாடியிருக்கிறோம் என்று. புதுசாகச் செய்த பழைய பாணிக் கசற்.

கருவியின் தலையைத் துடைத்தபின் சோதிக்க ஏதாவது வேண்டும் என்று அதைப் போட்டேன். ஒன்றில்தான் இருந்தது. முதலில் ஒரு கிற்றார். பிறகு ஒரு ஆண் குரல், கட்டையான குரல், பக்கத்துக் கதிரையில் இருந்து கதைக்கிற மாதிரி. அவர் ஒரு அடி பாடி முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும் வயலின் வருகிறது. அவர் மறுபடி தொடங்கினால் ஒதுங்கிவிடுகிறது. ஒருவர் தலையில் ஒருவர் ஏறுவதில்லை. மேளம் என்று ஒன்று இல்லவே இல்லை, பெரிய கம்பி வாத்தியம் ஒன்றைப் பெருவிரலால் தட்டித் தாளம் பிடிக்கிறார்கள். இரண்டாவது பாட்டில் ஒரு பெண் குரல் அவருக்கு மேலே, ஒரு முழம் தள்ளி, கூடவே நடக்கிறது. மடியில் கிடத்தி வாசிக்கிற கிற்றார் ஒன்று நடுவில் இழுத்து இழுத்துப் பேசுகிறது. கதிரை ஒன்று கிரீச்சிடுவதுகூடக் கேட்டது. மேலே மெத்ரோ போனது. போன பிறகும் அந்த மனிதர் விட்ட இடத்திலேயே இருந்தார்.

வாசற்படியில் நின்ற முசியே திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கவ்பாய் பாட்டு?"

"இதைத்தான் இரத்தினம் அண்ணைக்குக் குடுக்கப்போறன், முசியே."

"யாழ்ப்பாணத்து ஆளுங்க நம்மளை அடிக்க வருவாங்க."

"வீணை அவைக்கு விளங்கினதாலைதான் எழும்பினவை. இது விளங்காது. ஆனா இந்தச் சத்தம் அவைக்குப் புதுசும் இல்லை. கொழும்பு இங்கிலீசு ரேடியோவிலை, பாபர் கடையிலை, தேத்தண்ணிக் கடையிலை எல்லாரும் கேட்டது. இந்தப் பாட்டுக்கு ஆரும் செத்ததாக் கேள்விப்படேல்லை."

முசியே கசற்றை மறுபக்கம் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி படியில் போய் நின்றார். அந்தப் பக்கம் முடியும்வரை நின்றார். உள்ளே வந்து, "நீயே குடு. நீயே சொல்லிக் குடு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போயி அங்கயே கேப்போம்" என்றார். அன்றைக்குத்தான் நான் கவுண்டருக்கு முன்னால் வந்தேன்.

அன்று மாலையே மறுபடி வந்த அண்ணை அட்டையைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார்.

"இங்கிலீசுப் பாட்டோ? எங்கடை பெடியள் சிரிப்பாங்கள், தங்கச்சி."

"சிரிக்கட்டும் அண்ணை. மெதுவாச் சிரிக்கச் சொல்லுங்கோ."

பிறகு வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். மேசையில் வைக்கக் கூடாது, மேசைக்கால் சத்தத்தைக் கீழ்வீட்டுக்குக் கடத்திவிடும். துவாயை நாலாக மடித்து நிலத்தில் போட்டு, அதற்கு மேல் கருவி. அதன் முகம் மூலைச் சுவரைப் பார்க்க வேண்டும், அப்போது சத்தம் சுவரில் பட்டு முனை மழுங்கித் திரும்பும். கட்டைச் சத்தத்துக்கான திருகு முழுக்கக் கீழே. இலக்கம் ஒன்று. யார் வந்து கெஞ்சினாலும் ஒன்று. அண்ணை ஒவ்வொன்றையும் என்னிடம் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. வெள்ளி போனது, சனி போனது. சனிக்கிழமை கடையில் நிற்க இடம் இராது. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். அறை போய்விட்டதோ, எட்டுப் பேரும் பையோடு எந்த ஸ்டேஷனில் நிற்கிறார்களோ என்று நினைத்து மிச்சக் காசை இரண்டு தரம் பிழையாக எண்ணினேன். ஒருவருக்கு ஊறுகாய் எடுத்துக் கொடுப்பது போலப் பாட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முசியே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். எட்டு ஆண்கள் இருக்கிற அறைக்கு ஒரு பெண் தனியாகப் போவது அழகில்லை என்பது அவர் எண்ணம். என் எண்ணமும் அதுதான். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கார்தியன் மதாம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முசியே தன் நல்ல பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். ஐந்தாம் மாடிக்குப் போகிறோம் என்றார். மதாமின் முகம் இளகியது. அவர் கேட்டார்:

"அவர்கள் வீட்டை விட்டுப் போய்விட்டார்களா, முசியே? சில நாளாக ஒரு சத்தமும் இல்லையே."

முசியே, "இல்லை மதாம், இருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஐந்து மாடியும் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

இரத்தினம் அண்ணை வாயில் விரல் வைத்தபடி கதவைத் திறந்தார். உள்ளே போக இடமில்லை, வாசலிலேயே நின்றோம். நிலம் முழுக்க மெத்தை, மெத்தை முழுக்க ஆட்கள். ஜன்னலோரம் இரண்டு பேர் ஒரே கோப்பையில் சோறு தின்றபடி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் நாலாக மடித்த துவாய், அதன் மேல் கருவி, முகம் சுவரைப் பார்த்தபடி. அந்தக் கட்டைக் குரல் பாடிக்கொண்டிருந்தது. பெண் குரல் ஒரு முழம் தள்ளி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஒரு சொல்லும் யாரையும் எழுப்பவில்லை.

அப்போது கதவோரம் படுத்திருந்த ஒருவன் போர்வைக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். அண்ணை என் பக்கம் சாய்ந்து, "இவன்தான் சின்னராசா" என்றார். வீணைக்குத் துள்ளி எழும்பியவன் இவன். சின்னராசா கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"அண்ணை, கொஞ்சம் கூட்டி விடுங்கோவன்."

"ஏலாது. ஒண்டிலைதான் கிடக்கும்" என்றார் அண்ணை. "கேக்க வேணுமெண்டால் கிட்டப் போய்ப் படு."

சின்னராசா போர்வையைத் தள்ளினான். எழும்பினான். தன் மெத்தையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து, படுத்திருந்தவர்களுக்கு நடுவில் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போய், கருவிக்குப் பக்கத்தில் போட்டு, காதை அந்தப் பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டான். முசியே என்னைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சந்தோஷத்தில் சிரித்திருப்பேன், அந்த அறை முழுக்க எழும்பியிருக்கும்.